3 மணி நேரப் பயிற்சியை ஒரே நாளில் முடிக்காதீர்கள்

ஊழியர்களுக்கு எக்செல் பிவட் டேபிள் (நீளமான தரவுப் பட்டியலைச் சுருக்கித் தொகுத்துக் காட்டும் அட்டவணை) கற்றுத்தர 3 மணி நேரம் கிடைத்தால், அதை 90, 45, 45 நிமிடங்களாகப் பிரியுங்கள். முதல் நாள் 20 நிமிடம் செய்துகாட்டினால் போதும், மீதி நேரம் அவரவர் வேலைக் கோப்பின் நகலில் அவர்களே செய்யட்டும். இரண்டு நாள் கழித்து, குறிப்பைப் பார்க்காமல் அதையே மறுபடி செய்ய வேண்டும். ஒரு வாரம் கழித்து இருவர் இருவராக உட்கார்ந்து, ஒருவர் செய்ய மற்றவர் "ஏன் இப்படி?" என்று கேட்கட்டும்.

நினைவிலிருந்து எடுத்துச் செய்வதுதான் மனதில் நிற்கும். உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகர், கார்ப்பிக் 2006இல் வெளியிட்ட ஆய்வில், படித்து முடித்த 5 நிமிடத்தில் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து, நினைவுகூர்ந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். ஆகவே வகுப்பு முடிந்த கையோடு வாங்கும் கருத்துப் படிவத்தை நம்பாதீர்கள்.

மாதிரிக் கோப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் எல்லாம் சுத்தமாக இருக்கும். சொந்தக் கோப்பில்தான் காலியான தலைப்புக் கட்டமும் (அது இருந்தால் பிவட் டேபிள் உருவாகவே உருவாகாது), எழுத்தாகப் பதிவான தேதியும் கண்ணில் படும்.

எக்செல்லையே தொடாதவருக்கு இந்த முறை சுமையாகிவிடும். முடித்த இரண்டு மூன்று மாதிரிகளை முதலில் படிப்படியாகக் காட்டுங்கள். மின்சாரம், இயந்திரம் சார்ந்த வேலையில் மேற்பார்வை இல்லாமல் செய்துபார்க்க விடக்கூடாது. வருடத்துக்கு ஒருமுறை நிரப்பும் படிவத்துக்கு வகுப்பே தேவையில்லை, ஒரு பக்கக் குறிப்பு போதும்.