எட்டு போடும்போது கால் ஊன்றாமல் இருக்க
பைக் லைசென்ஸுக்கு எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) வாங்கி 30 நாள் ஆனதும் தர்மபுரி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் டெஸ்டுக்குப் போகலாம். எல்.எல்.ஆர். ஆறு மாதம்தான் செல்லும், தள்ளிப் போடாதீர்கள்.

நன்றாக ஓட்டுகிறவர்கள்கூடத் தடுமாறுவது டெஸ்டில் எட்டு போடும்போதுதான், அதாவது வண்டியை 8 வடிவில் சுற்றி ஓட்டும்போது. முன்சக்கரத்தையே பார்த்தால் வண்டி சாயும், கால் தானாக ஊன்றும். திரும்பப் போகிற இடத்தைப் பாருங்கள், தலையும் அந்தப் பக்கம் திரும்பட்டும். முதல் கியரில் கிளட்ச்சைப் பாதி பிடித்து, ஆக்ஸிலேட்டரை ஒரே சீராக வையுங்கள். வேகம் கூடினால் பின் பிரேக்கை லேசாக மிதித்தால் போதும். வளைவில் முன் பிரேக் வேண்டவே வேண்டாம்.

காலி மைதானத்தில் இரண்டு செங்கல் வைத்து ஒரு வாரம் சுற்றிப் பழகுங்கள், டெஸ்டுக்குக் கொண்டுபோகும் அதே வண்டியில். இரவல் வண்டியின் கிளட்ச் எங்கே பிடிக்கும் என்று கைக்குத் தெரியாது. அப்புறம் ஹெல்மெட், வண்டியின் இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் முதல்நாள் இரவே எடுத்து வையுங்கள்.