தலைக்காயத்தோடு ரத்தப்போக்கும் இருந்தால் டிரிப் ஏற்றுவது எப்படி?

உடலுக்குள் ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கும் விபத்து நோயாளிக்கு, ஆபரேஷன் தியேட்டரில் அதை நிறுத்தும்வரை சிஸ்டாலிக் பி.பி.யை (ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணை) 80–90 அளவிலேயே விட்டுவைப்பது வழக்கம். அழுத்தம் ஏறினால் உறைந்த ரத்தக்கட்டி பெயர்ந்து மறுபடி கொட்டும். தலையிலும் பலத்த அடி என்றால் இந்தக் கணக்கு செல்லாது. சராசரி பி.பி.யில் மண்டைக்குள் இருக்கும் அழுத்தத்தைக் கழித்தால் மிஞ்சுவதுதான் மூளைக்கு ரத்தத்தைத் தள்ளுகிறது. சராசரி பி.பி. 60, மண்டை அழுத்தம் 25 என்றால் மிஞ்சுவது 35, தேவையோ 60–70. ஆகவே 15–49 வயதிலும், 70ஐத் தாண்டியவர்களுக்கும் சிஸ்டாலிக் 110க்குக் கீழே இறங்கக் கூடாது. 50–69 வயதில் 100.

பி.பி. விழுந்திருந்தால் முதலில் மார்பு, வயிறு, இடுப்பெலும்பு, தொடை என்று தேடுங்கள். பெரியவர்களுக்கு மண்டைக்குள் கசியும் ரத்தம் மட்டுமே ஷாக்கை (உறுப்புகளுக்கு ரத்தம் போதாத நிலையை) உண்டாக்குவது அரிது. உச்சந்தலைத் தோல் கிழிசலை அசட்டை செய்ய வேண்டாம். கட்டுக்கு அடியில் தலையணை நனையும்வரை ஊறும். உடனே தையல் போடுங்கள். இடுப்புப் பட்டையைத் தொடையெலும்பின் மேல்முனை மட்டத்தில் கட்டவும், இடையில் அல்ல.

இரண்டு கைகளிலும் 14 அல்லது 16 கேஜ் கேனுலா (நரம்பில் போடும் தடிமனான ஊசிக்குழாய்). குட்டையான கேனுலாவில் ஓடும் வேகம் மூன்று வாய் சென்ட்ரல் லைனில் (கழுத்து போன்ற இடத்தில் பெரிய ரத்தக்குழாய்க்குள் போடும் குழாயில்) வராது, அந்தக் குழாய் நீளம், மெலிதும்கூட. பி.பி. கஃபை டிரிப் ஓடும் கையில் சுற்றினால், அது ஊதும்போதெல்லாம் ஓட்டம் நின்றுபோகும்.

ரத்தம் வந்து சேரும்வரை வெதுவெதுப்பான நார்மல் சலைன், 250 மி.லி. வீதம். ஒவ்வொரு முறையும் பி.பி. பார்த்துவிட்டு அடுத்தது, ஒரு லிட்டருக்குள் நிறுத்திக்கொள்ளப் பாருங்கள். அதற்கு மேல் ஏற்றினால் உறையும் சத்து நீர்த்துப்போகும். ரிங்கர் லாக்டேட் ரத்தத்தைவிடக் கொஞ்சம் நீர்த்தது, நிறையப் போனால் மூளை வீக்கம் கூடும். டெக்ஸ்ட்ரோஸ் 5% கூடவே கூடாது: சர்க்கரை உடலில் செலவாகி வெறும் தண்ணீர்தான் மிஞ்சும். ஆல்புமினும் (ரத்தப் புரதக் கரைசல்) வேண்டாம். 2007இல் வெளியான சேஃப் ஆய்வில், தலைக்காயத்துக்கு ஆல்புமின் பெற்றவர்களில் 33 சதவீதம் பேர் இரண்டு ஆண்டுகளுக்குள் இறந்தனர். சலைன் பெற்றவர்களில் 20.

உண்மையான மருந்து ரத்தம்தான். க்ராஸ் மேட்ச்சுக்கு (ரத்தம் பொருந்துகிறதா என்ற சோதனைக்கு) காத்திராமல் ஓ குரூப்பில் தொடங்குங்கள். சிவப்பணு, பிளாஸ்மா, பிளேட்லெட் 1:1:1. அதே லைனில் ரிங்கர் லாக்டேட் ஓட்டினால் அதிலுள்ள கால்சியத்தால் ரத்தம் குழாயிலேயே உறையலாம். ரத்தம் உறையாமலிருக்கப் பையில் சேர்த்துள்ள சிட்ரேட்டோ உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் 10% கால்சியம் குளுக்கோனேட் 30 மி.லி. மெதுவாகக் கொடுங்கள். பிளேட்லெட் ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கட்டும். ரத்தக்கட்டி கரையாமல் காக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட் 10 நிமிடத்தில் 1 கிராம், பிறகு 8 மணி நேரத்தில் இன்னொரு கிராம். அடிபட்டு 3 மணி நேரம் தாண்டிவிட்டால் தொடங்க வேண்டாம்.

காரியம் கெடுவது பெரும்பாலும் மூச்சுக்குழாயில் டியூப் போடும் வேளையில். மயக்க மருந்து போனதும் பி.பி. சரியும். மருந்தின் அளவைக் குறைத்து, பி.பி.யை ஏற்றும் நார்அட்ரீனலினைத் தயாராக வைத்து, மயக்கம் கொடுக்கும் முன்பே ஜி.சி.எஸ்.ஸையும் (நினைவு நிலை மதிப்பெண்) கண்பாப்பாவின் நிலையையும் எழுதிவிடுங்கள். ஒரு கண்பாப்பா விரிந்தால், அதாவது மண்டை அழுத்தம் ஏறினால், மானிடால் பக்கம் போகாதீர்கள். அது உடல் நீரைச் சிறுநீராக இழுத்து பி.பி.யை இன்னும் இறக்கும். 3% சலைன் 250 மி.லி. மண்டை அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே பி.பி.யையும் தாங்கும்.

பி.பி. திடீரென 180க்கு ஏறி நாடி 50க்கு இறங்கினால், டிரிப் வேலை செய்கிறது என்று எண்ணாதீர்கள். மூளை நசுங்குகிறது, நியூரோசர்ஜனைக் கூப்பிடுங்கள்.