ஹிட்லர் என்று சொல்லும் முன் எந்த வருடத்து ஹிட்லர் என்று பாருங்கள்

தேர்தல் நேரத்தில் மன்னார்குடி பக்கம் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் "அவர் ஹிட்லர்தாங்க" என்ற பேச்சு காதில் விழும். ஒப்பிடுவது தப்பே இல்லை, ஒப்பிடத்தான் வேண்டும். ஆனால் எந்த வருடத்தோடு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். 1942இன் கொலைமுகாம்களை அளவுகோலாக வைத்தால் இன்றைய தலைவர்கள் எல்லோருமே தப்பித்துவிடுவார்கள், 1932இல் ஹிட்லரே தப்பித்திருப்பார்.

அதனால் ஆரம்பத்திலிருந்து, அதாவது ஹிட்லருக்கு முன்பே பாசிசம் ஆட்சியைப் பிடித்த இத்தாலியிலிருந்து படியுங்கள். நம் டெல்டாக்காரர்களுக்கு இத்தாலியின் போ ஆற்றுச் சமவெளி எளிதில் புரியும். அங்கேயும் வண்டல் மண், பெரிய பண்ணைகள், கூலி விவசாயிகள், வலுவான சங்கம். 1921 வாக்கில் பண்ணை முதலாளிகள் கொடுத்த பணத்தோடு முசோலினியின் பாசிச இயக்கத்துக் கருப்புச் சட்டைக்காரர்கள் லாரியில் வந்து இறங்குவார்கள், சங்கக் கட்டடத்தைக் கொளுத்துவார்கள், சங்கத் தலைவரைப் பிடித்து வாயில் விளக்கெண்ணெயை ஊற்றுவார்கள், ஊர் முன்னால் வயிற்றால் போய் அவமானப்படட்டும் என்று. போலீஸ் பல இடங்களில் கண்டுகொள்ளவே இல்லை.

இதைப் படித்ததும் எனக்கு 1968 கீழ்வெண்மணிதான் நினைவுக்கு வந்தது, ஒரே குடிசையில் எரிந்துபோன 44 பேர். ஆனால் அங்கே கொன்றது கூலித் தகராறும் சாதியும் நிலத்திமிரும். ஒற்றைத் தலைவரைக் கும்பிட்டுக்கொண்டு நாட்டையே பிடிக்கக் கிளம்பிய கட்சிப்படை அல்ல. கொடுமை குறைவு என்று சொல்லவில்லை, வேறு வகை என்கிறேன். இந்த வித்தியாசம் பிடிபட்டால்தான் ஒப்பீடு நிற்கும்.

சரி, இப்போது நீங்கள் நினைக்கிற தலைவருக்கு வாருங்கள். எதிராளியை அடிக்க அவருக்குச் சட்டத்துக்கு வெளியே ஒரு படை இருக்கிறதா? அடித்த பிறகு அவர் என்ன சொன்னார்? 1924இல் இத்தாலியில் எதிர்க்கட்சி எம்.பி. மத்தேயோத்தி பாசிசக்காரர்களால் கொல்லப்பட்டார், 1925 ஜனவரி 3 அன்று பிரதமர் முசோலினி நாடாளுமன்றத்திலேயே நின்று, நடந்ததற்கெல்லாம் நானே பொறுப்பு என்றார், யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அப்புறம் தேதிகளைப் பாருங்கள். ஹிட்லர் பதவிக்கு வந்தது 1933 ஜனவரி 30. பிப்ரவரி 28இல் பேச்சுரிமை போனது, மார்ச் 23இல் சட்டமியற்றும் அதிகாரம் அவர் கைக்கு வந்தது, மே 2இல் தொழிற்சங்கங்கள் நசுக்கப்பட்டன, ஜூலை 14இல் மற்ற கட்சிகள் தடைசெய்யப்பட்டன. ஒரு சம்பா போகத்துக்குள் எல்லாம் முடிந்தது.

அளவுகோல் சரியா என்று பார்க்க எமர்ஜென்சியை வைத்து அளந்து பாருங்கள். பத்திரிகைத் தணிக்கை, விசாரணையே இல்லாமல் உள்ளே வைக்கும் மிசா சட்டக் கைது, 1976இல் கலைஞர் ஆட்சிக் கலைப்பு எல்லாம் உண்டு. ஆனால் இந்திரா காந்தி 1977இல் தேர்தல் வைத்தார், தோற்றார், இறங்கினார். சர்வாதிகாரம் என்று தாராளமாகச் சொல்வேன், பாசிசம் என்று சொல்ல மாட்டேன்.

இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி, உங்களுக்குப் பிடித்த தலைவரின் பெயரையும் போட்டு அதே கேள்விகளைக் கேளுங்கள், எனக்கு அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. பதில் தெரியாத இடத்தைக் காலியாக விடுங்கள், வாட்ஸ்அப்பில் வந்ததை வைத்து நிரப்பாதீர்கள்.