வேலூர்ப் பக்கம் யானையை அடித்துப் பழக்குவதைப் பார்த்தால் புகார் கொடுப்பது எப்படி

பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் மாந்தோப்பில் இறங்கும் காட்டு யானை விவகாரம் வேறு, அதை இங்கே கலக்க வேண்டாம். திருவிழாவுக்குக் கூட்டி வருகிற யானை, கடை கடையாக நின்று தும்பிக்கையில் காசு வாங்குகிற யானை, இவற்றைப் பற்றித்தான் சொல்கிறேன். யானையைப் பழக்கும் முறைக்கென்று நாடாளுமன்றம் போட்ட தனிச் சட்டம் எதுவும் கிடையாது. இருக்கிற நாலைந்து சட்டங்களில் எது பிடி கொடுக்கும் என்று தெரிந்து மனு எழுதினால்தான் வேலை நடக்கும்.

முதலில் கண்ணால் பார்க்க வேண்டியவை. காதுக்குப் பின்னால், முன்னங்கால் மடிப்பில் அங்குசம் குத்திய புண் இருக்கும், அதை மஞ்சளோ கரியோ பூசி மறைத்திருப்பார்கள். காலில் சங்கிலி உரசும் இடத்தில் தோல் வெளுத்துத் தடித்திருக்கிறதா, நகம் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று, நின்ற இடத்திலேயே தலையை ஆட்டி ஆட்டி உடம்பை அசைத்துக்கொண்டிருந்தால் பாட்டுக்கு ஆடுகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டுகிறோமே, அது ஆட்டமில்லை, வருஷக்கணக்காகக் கட்டிப்போட்டதில் வந்த கோளாறு. வீடியோ எடுக்கும்போது யானையோடு பின்னால் இருக்கும் கடைப் பெயர்ப்பலகையும் தெரியட்டும், லாரியில் வந்திருந்தால் வண்டி எண்ணையும் எடுங்கள். பாகனிடம் சண்டைக்குப் போகாதீர்கள், கூட்டம் கூடினால் மிரளுவது யானைதான்.

சரி, சட்டம். 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவில் அடிப்பது, புண்ணோடு வேலை வாங்குவது, குட்டைச் சங்கிலியில் நெடுநேரம் கட்டுவது எல்லாமே குற்றம். ஆனால் முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய், இன்றைக்கு அது ஒரு பிரியாணிக் காசுகூட இல்லை! அடித்தது மட்டும் என்றால் போலீஸ் தானாக வழக்குப் பதிவு செய்யவும் முடியாது. வழக்கை மூன்று மாதத்துக்குள் தொடுக்கவும் வேண்டும், அதனால் தள்ளிப்போடாதீர்கள். ஊனமாகிற அளவுக்குக் காயம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 325ஆவது பிரிவைக் கேளுங்கள், ஐந்து ஆண்டு வரை தண்டனை உண்டு, போலீஸ் நேரடியாகப் பதிவு செய்யலாம்.

உண்மையான பிடி 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. யானை அதன் முதல் அட்டவணையில், அதாவது மிக உயர்ந்த பாதுகாப்புள்ள பட்டியலில் இருக்கும் விலங்கு. தலைமை வன உயிரினக் காப்பாளர் கொடுத்த உரிமைச் சான்றிதழ் இல்லாமல் யாரும் வைத்திருக்க முடியாது, சான்றிதழ் இருந்தாலும் காசுக்கு விற்கக் கூடாது. என் கருத்தில் நிறைய மனுக்கள் தோற்பது இங்கேதான், "கொடுமை செய்கிறார்கள்" என்று இரண்டு பக்கம் உருகி எழுதிவிட்டு, சான்றிதழ் யார் பெயரில், அடையாளத்துக்காக உடம்பில் வைத்த மைக்ரோசிப் எண் அதோடு பொருந்துகிறதா என்ற ஒரு வரியை விட்டுவிடுவார்கள். சித்தூர் ரோடு வழியாக ஆந்திராவிலிருந்து வந்த யானை என்றால் மாநிலம் தாண்டிக் கொண்டுவர அனுமதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். தமிழ்நாட்டுக்கென்று 2011ஆம் ஆண்டு வளர்ப்பு யானைகள் மேலாண்மை மற்றும் பராமரிப்பு விதிகளும் உண்டு, மனுவில் அதையும் குறிப்பிடுங்கள்.

மனுவை மாவட்ட வன அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நகல் ஒன்றைத் திங்கட்கிழமை சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து ரசீது வாங்குங்கள். கண்ணெதிரே அடி நடந்தால் 112. கோயில் யானை என்றால் அறநிலையத் துறைக்கும் ஒரு நகல் போகட்டும். கோயில் யானை, சாமி காரியம் என்று யாராவது தடுத்தால் மசியாதீர்கள். 2021 பிப்ரவரியில் கோயில் யானைகளுக்காகத் தேக்கம்பட்டியில் நடந்த நலவாழ்வு முகாமில் திருவில்லிபுத்தூர்க் கோயில் யானை ஜெயமால்யதாவை அடித்த வீடியோ வெளியே வந்ததும் பாகனும் உதவியாளரும் கைதானார்கள். 2023இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளையும் கோயில்கள் இனிப் புதிதாக யானை வாங்கக் கூடாது என்றது.

பதிலே வரவில்லையா? 10 ரூபாய் கட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் சான்றிதழ் நகலையும் கடைசியாக மருத்துவர் பார்த்த அறிக்கையையும் கேளுங்கள், 30 நாள் கெடு. அப்புறமும் அசையாவிட்டால், வன உயிரினச் சட்டத்தின் 55ஆவது பிரிவுப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு நீங்களே நேராகக் கோர்ட்டில் புகார் வைக்கலாம்.

மனுவின் கடைசியில் ஒன்று சேருங்கள்: கால்நடை மருத்துவர் பரிசோதிக்கும் வரை யானையை ஊரை விட்டு நகர்த்தக் கூடாது என்று. புகார் போனது தெரிந்தால் ராத்திரியோடு ராத்திரியாக லாரி ஏற்றிவிடுவார்கள். பறிமுதல் ஆனால் எங்கே கொண்டுபோவது என்று அதிகாரிகள் இழுத்தால், திருச்சி எம்.ஆர்.பாளையத்தில் வனத்துறையின் மறுவாழ்வு மையம் இருக்கிறது என்று எழுதியே கொடுங்கள்.