தேர்வுத் தோல்விக்கு எது காரணம்? லாஜிஸ்டிக் ரிக்ரஷன் போடும் முறை

தோல்வி, தேர்ச்சி போல இரண்டில் ஒன்றாக வரும் முடிவின் நிகழ்தகவு எவற்றைப் பொறுத்து மாறுகிறது என்று பார்க்கும் புள்ளியியல் முறைதான் லாஜிஸ்டிக் ரிக்ரஷன். தோல்வி 1, தேர்ச்சி 0 என்று குறியுங்கள். பரீட்சைக்கே வராதவர்களை எதில் சேர்ப்பது என்பதையும் அப்போதே முடிவு செய்துவிடுங்கள். அவர்களைத் தூக்கிவிட்டால், படிப்பை விட்டு நழுவிக்கொண்டிருந்த பிள்ளைகள்தான் தரவிலிருந்து காணாமல் போவார்கள். வருகைக் குறைவின் பாதிப்பு பெரும்பாலும் சிறுத்துத் தெரியும்.

வருகை, தாயின் படிப்பு போன்ற மாறிகளைக் குவிக்காதீர்கள். ஒரு கெழுவுக்கு, அதாவது மாறியின் பாதிப்பைக் காட்ட மாடல் கணக்கிடும் ஒவ்வோர் எண்ணுக்கும், குறைந்தது 10 தோல்விகளாவது வேண்டும் என்பது கைக்கணக்கு. 600 மாணவர்களில் 60 பேர் தோற்றிருந்தால் 6 கெழுக்கள்தான் தாங்கும். தாயின் படிப்பை நான்கு வகையாகப் பிரித்தால் அதிலேயே மூன்று போய்விடும் (ஒரு வகை ஒப்பிடும் அடிப்படையாக நிற்கும்). வருகையை "75%க்கு மேல், கீழ்" என்று வெட்டாமல் நாள் கணக்காகவே விடுங்கள்; 74-உம் 20-உம் ஒன்றாகிவிடக் கூடாது.

அரையாண்டு மதிப்பெண்ணைச் சேர்க்கலாமா? யார் தோற்பார் என்று முன்கூட்டிச் சொல்லத்தான் மாடல் என்றால் தாராளமாக. காரணம் தேடுகிறீர்கள் என்றால் வேண்டாம். வருகை குறைந்ததால் அரையாண்டிலேயே மதிப்பெண் சரிந்திருக்கும்; அதைச் சேர்த்தால் வருகையின் பங்கை அது விழுங்கிவிடும்.

ஒரே பள்ளிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். அதைக் கணக்கில் எடுக்காவிட்டால் திட்டப்பிழை, அதாவது கெழு எவ்வளவு நிச்சயமற்றது என்பதன் அளவு, பொய்யாகச் சிறுக்கும். கழிப்பறை, ஆசிரியர் எண்ணிக்கை போன்ற பள்ளி அளவு மாறிகளில் இது படுமோசம். பள்ளிகள் நிறைய இருந்தால் ஆர் மென்பொருளில் எல்எம்இ4 (lme4) தொகுப்பின் ஜிஎல்எம்இஆர் (glmer) கட்டளையைப் போட்டு, பள்ளிக்கொரு ரேண்டம் இன்டர்செப்ட் (பள்ளிக்குப் பள்ளி மாறும் தொடக்க மட்டம்) கொடுங்கள். ஐந்தாறு பள்ளிகள்தான் என்றால் சாதாரண ஜிஎல்எம் (glm) கட்டளையில் பள்ளியையே ஒரு மாறியாக்கலாம். ஆனால் அப்போது பள்ளி அளவு மாறிகளைத் தனியே பார்க்க முடியாது.

முடிவைப் படிப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஒரு நாள் வருகைக்குக் கெழு -0.05 என்று வைப்போம். 10 நாளுக்கு -0.5, அதன் அடுக்குக்குறி மதிப்பு (e என்ற எண்ணின் -0.5 அடுக்கு) 0.61. உடனே "தோல்வி 39% குறையும்" என்று எழுதிவிடுவார்கள். 0.61 பெருக்குவது ஆட்ஸை, அதாவது தோற்பதற்கும் தேறுவதற்கும் உள்ள விகிதத்தை. தோல்வி நிகழ்தகவு 20% என்றால் ஆட்ஸ் 0.25, 0.61-ஆல் பெருக்கினால் 0.15, நிகழ்தகவு 13%. 60%-இலிருந்து தொடங்கினால் 48%. எனவே அறிக்கையில் நிகழ்தகவுகளையே எழுதுங்கள்.

"விடுதி மாணவரா" என்பது போன்ற ஒரு மாறிக்குக் கெழு -17, திட்டப்பிழை ஆயிரக்கணக்கில் என்று வந்தால் பயப்பட வேண்டாம். விடுதி மாணவர் அத்தனை பேரும் தேறியிருப்பார்கள், அவ்வளவுதான். இப்படிக் கெழு எல்லையின்றி ஓடுவதைக் கட்டுப்படுத்தும் ஃபிர்த் (Firth) முறைக்கு மாறினால் எண் சீராகும்.