வீட்டுக் கணினி: கருவியைக் காத்துக் கோப்புகளை இழக்கும் தவறுகள்

கணினி பழுதானால் வேறொன்றை வாங்கிக்கொள்ளலாம். அதனுள் இருந்த குழந்தையின் முதல் ஆண்டுப் படங்களையும், பல ஆண்டு வரவு செலவுக் கணக்குகளையும், பாதியில் நிற்கும் ஆய்வேட்டையும் திரும்ப வாங்க வழியில்லை. இதை அறியாதவர் எவருமில்லை. ஆயினும் திரையைத் துடைப்பதிலும் விசைப்பலகைக்கு உறை போடுவதிலும் காட்டும் அக்கறையில் ஒரு பங்கைக்கூட நாம் கோப்புகளின்மேல் காட்டுவதில்லை. உறவினர், நண்பர் வீடுகளில் பழுதான கணினிகளின்முன் உட்கார்ந்து பார்த்தபோதெல்லாம், இழப்பின் வேர் கணினியை முதன்முதலாக இயக்கிய வாரத்திலேயே இருப்பதைக் கண்டிருக்கிறேன். அப்போது ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்ட ஏற்பாடுகளே பின்னர் வினையாக வந்து நிற்கின்றன.

அவற்றுள் முதலாவது காப்புநகல். காப்புநகலே எடுக்காதவர்களைவிட, எடுத்துவிட்டதாக நம்பிக்கொண்டிருப்பவர்களின் நிலைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. ஒரே வன்தட்டைச் சி, டி என இரண்டாகப் பிரித்து, சி-யில் உள்ளதை டி-யில் நகலெடுத்து வைப்பவர்கள் ஏராளம். திரையில் இரண்டு டிரைவுகளாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒரே தட்டு. அது செயலிழந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். அடுத்து, ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் போன்ற சேவைகளின் ஒத்திசைவைக் காப்புநகல் என்று எண்ணுவது. ஒத்திசைவின் வேலை, இங்கே நடந்ததை அப்படியே அங்கேயும் நடத்துவது. நீங்கள் ஒரு கோப்புறையைத் தவறுதலாக அழித்தால் அதுவும் அழித்துவிடும். அழித்தவை குப்பைத்தொட்டியில் பொதுவாக 30 நாட்களே தங்கும். இரண்டு மாதம் கழித்துத் தேடுபவருக்கு அது உதவாது.

காப்புநகலில் நேரும் மூன்றாவது தவறு, வெளி வன்தட்டை வாங்கி அதை எப்போதும் கணினியிலேயே செருகி வைத்திருப்பது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் நுழைந்தால், கைக்கு எட்டும் எல்லா டிரைவுகளையும் பூட்டும். செருகியிருக்கும் காப்புநகலும் அதற்கு விலக்கில்லை. மின்னழுத்தம் திடீரென ஏறினால் கணினியோடு அதுவும் கருகக்கூடும். புகைப்படக் கலைஞர்களிடையே பரவி இன்று பலரும் பின்பற்றும் 3-2-1 விதி இதற்குத்தான் உதவுகிறது: கோப்புகளின் பிரதிகள் மூன்று இருக்க வேண்டும், அவை இரு வேறு சாதனங்களிலாவது இருக்க வேண்டும், அவற்றுள் ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். கணினியில் ஒன்று, நகலெடுத்ததும் கழற்றி வைக்கும் வெளி வன்தட்டில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று என்று வைத்துக்கொண்டால் ஒரு வீட்டுக்குப் போதும்.

இத்தனையும் செய்தவர்கள்கூட விட்டுவிடுவது ஒன்று உண்டு. எடுத்த நகலிலிருந்து ஒரு கோப்பையாவது திரும்ப எடுத்துத் திறந்து பார்ப்பதில்லை. நானே ஓராண்டுக் காலம் வாரந்தோறும் நகலெடுத்து வந்தேன். தேவைப்பட்ட நாளில்தான், படங்கள் இருந்த கோப்புறை அந்தப் பட்டியலில் ஒருபோதும் சேர்க்கப்படவே இல்லை என்று தெரிந்தது. அன்று முதல் மாதத்துக்கு ஒரு முறை, ஏதேனும் மூன்று கோப்புகளைக் காப்புநகலிலிருந்து எடுத்துத் திறந்து பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

நிறுவும் நாளில் நேரும் வேறு இரு தவறுகளும் இவ்வளவு முக்கியமானவை. விண்டோஸில் முதலில் உருவாக்கும் கணக்கு நிர்வாகி கணக்காக அமைகிறது; வீட்டில் எல்லாரும் அன்றாடம் அதையே பயன்படுத்துகிறார்கள். நிர்வாகி கணக்கில் இருக்கும்போது வரும் அனுமதிக் கேள்விக்கு ‘ஆம்’ என்று ஒரு முறை அழுத்தினாலே, ஒரு நிரல் கணினி முழுவதையும் மாற்றும் உரிமையைப் பெற்றுவிடும். நிர்வாகி கணக்கைத் தனியே வைத்துவிட்டு, அன்றாட வேலைக்கு ஆளுக்கொரு சாதாரணக் கணக்கை உருவாக்கினால், ஒவ்வொரு முறையும் நிர்வாகியின் கடவுச்சொல் கேட்கப்படும். அந்தத் தடையே ஒரு கணம் நின்று யோசிக்க வைக்கும்.

மற்றொன்று மீட்பு விசை. 2024-இல் வந்த 24எச்2 பதிப்பு முதல், விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கால் உள்நுழைந்தால், பெரும்பாலான கணினிகளில் வன்தட்டுக் குறியாக்கம், அதாவது விசையின்றிப் படிக்க முடியாதபடி கோப்புகளை மாற்றி வைப்பது, தானாகவே தொடங்கிவிடுகிறது. இது நல்ல ஏற்பாடு. மடிக்கணினி திருடு போனாலும் கோப்புகள் பிறர் கைக்குப் போகா. ஆனால் மதர்போர்டை மாற்றினாலோ, சில வேளைகளில் கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை நிரலான பயாஸைப் புதுப்பித்தாலோ, கணினி 48 இலக்க மீட்பு விசையைக் கேட்கும். அந்த விசை மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கணக்கின் கடவுச்சொல்லும் மறந்து, காப்புநகலும் இல்லாதவருக்கு அந்தக் கோப்புகளைத் திறந்து தர எந்தப் பழுதுபார்ப்பவராலும் முடியாது. விசையைத் தாளில் அச்சிட்டு, வீட்டின் முக்கிய ஆவணங்களோடு வைத்துவிடுங்கள்.

புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடுவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு 2017-ஆம் ஆண்டே சான்று. மே 12 அன்று பரவத் தொடங்கிய வானாக்ரை என்ற ரான்சம்வேர், சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பூட்டியது. பிரிட்டனில் மருத்துவமனைகளின் வேலையே தடைப்பட்டது. அது பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. இடையில் கிடைத்த இரண்டு மாதங்களில் அதை நிறுவியிருந்த கணினிகளில் அந்த ஓட்டை வழியே அது நுழைய முடியவில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், நீட்டிப்புத் திட்டத்தில் சேராத கணினிகளில் இனிமேல் கண்டறியப்படும் ஓட்டைகள் திறந்தே கிடக்கும். கணினி நன்றாகத்தானே ஓடுகிறது என்று அதிலேயே வங்கிக் கணக்கைத் திறப்பது தவறு. விண்டோஸ் 11 அந்தக் கணினியில் ஓடாது என்றால், லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவிப் பயன்படுத்தலாம்.

பலரும் அறியாத ஒரு நுட்பமும் இங்கே உண்டு. விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற வசதி வந்தபின், அது இயங்கும் கணினிகளில் ‘ஷட் டவுன்’ கொடுத்தால் இயங்குதளத்தின் மையப் பகுதி முழுதாக அணையாமல் தட்டில் சேமிக்கப்பட்டு, மறுமுறை அங்கிருந்தே தொடர்கிறது. ஆகவே தினமும் அணைத்து வைக்கிறேன், இருந்தும் கோளாறு போகவில்லை என்பவர்கள், ‘ரீஸ்டார்ட்’ கொடுத்துப் பார்க்க வேண்டும். அதுதான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும்.

கடவுச்சொல்லைப் பொறுத்தவரை, மாதந்தோறும் மாற்ற வேண்டும் என்ற பழைய அறிவுரையைக் கைவிடலாம். அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டி-யே 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், கசிந்ததற்கான அறிகுறி இல்லாதபோது காலக்கெடு வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம் என்றது. அப்படி மாற்றுபவர்கள் இறுதியில் ஓர் எண்ணைக் கூட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். உண்மையான தவறு, ஒரே கடவுச்சொல்லைப் பல இடங்களில் வைப்பது. ஏதோ ஒரு தளத்திலிருந்து கசிந்த கடவுச்சொற்களை எடுத்து, மின்னஞ்சல், வங்கி என்று வரிசையாகப் போட்டுப் பார்ப்பதற்கென்றே தானியங்கி நிரல்கள் இருக்கின்றன. கடவுச்சொற்களை உருவாக்கி நினைவில் வைத்துத் தரும் செயலியான கடவுச்சொல் மேலாளர் ஒன்றைப் பயன்படுத்துங்கள். மின்னஞ்சலுக்கு மட்டுமாவது, கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை இன்றே இயக்குங்கள். மற்ற கணக்குகளின் கடவுச்சொற்களை மீட்கும் சாவி மின்னஞ்சல்தான் என்பதால், அதைக் கைப்பற்றியவருக்கு எல்லாக் கதவும் திறக்கும்.

வைரஸ் தடுப்புக்கென இரண்டு மென்பொருள்களை ஒன்றாக ஓடவிடுவது இரட்டைப் பாதுகாப்பைத் தராது. ஒன்று திறக்கும் கோப்பை மற்றொன்று மறித்து, கணினியைத் திணறடிக்கும். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் இயங்குதளத்துடனேயே வரும் டிஃபெண்டர் என்ற வைரஸ் தடுப்பு பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். விண்டோஸின் அமைப்புக் குறிப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்து வேகத்தைக் கூட்டுவதாகச் சொல்லும் நிரல்களைத் தொடவே வேண்டாம். அத்தகைய நிரல்களை மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதில்லை. ‘உங்கள் கணினியில் வைரஸ், உடனே இந்த எண்ணை அழையுங்கள்’ என்று உலாவியில் அலறும் பக்கம் எப்போதுமே மோசடி. அந்தச் சன்னலை மூடிவிட்டால் போதும். எவர் சொன்னாலும், தொலைவிலிருந்து திரையை இயக்கும் செயலியை நிறுவி அதன் எண்ணைச் சொல்லிவிடாதீர்கள். இவ்வாறு ஏமாந்தவர்களை அறியாமை உள்ளவர்கள் என்று குறைத்துப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை; அச்சத்தையும் அவசரத்தையும் ஒன்றாக ஏவும்போது படித்தவரும் தடுமாறுகிறார்.

கோப்புப் பெயரின் இறுதியிலுள்ள நீட்சியை (.txt, .exe போன்றவை) மறைத்து வைக்கும் விண்டோஸின் இயல்பான அமைப்பையும் மாற்றிவிடுவது நல்லது. 2000 மே மாதத்தில் உலகெங்கும் பரவிய ஐ லவ் யூ புழு, உரைக்கோப்பைப் போலத் தோன்றிய ஒரு நிரலாகவே மின்னஞ்சலில் வந்தது. உண்மையான நீட்சி மறைந்திருந்ததால் பலர் அதைக் கடிதம் என்று நம்பித் திறந்தார்கள்.

ரௌட்டரைப் பொருத்திய நாளோடு மறந்துவிடுகிறோம். 2016-இல் மிராய் என்ற தீநிரல், தயாரிப்பாளர் வைத்த பயனர்பெயர், கடவுச்சொல் இணைகளில் அறுபதுக்கும் மேற்பட்டவற்றை முயன்றே லட்சக்கணக்கான கேமராக்களையும் ரௌட்டர்களையும் கைப்பற்றியது. வைஃபை கடவுச்சொல் வேறு, ரௌட்டரின் நிர்வாகக் கடவுச்சொல் வேறு. இரண்டையும் மாற்றி, பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ3 அல்லது டபிள்யூபிஏ2-இல் வைத்து, ரௌட்டருக்குள் இயங்கும் மென்பொருளான ஃபர்ம்வேரையும் புதுப்பித்துவிடுங்கள்.

உடல்சார்ந்த பராமரிப்பில் சொல்ல வேண்டியவை சிலவே. மடிக்கணினியை மெத்தையின்மேல் வைத்து இயக்கினால் காற்றுத்துளைகள் அடைபடும். தூசியை ஊதும்போது விசிறி சுழலாதபடி பிடித்துக்கொள்ள வேண்டும். சுழலும் பாகமில்லாத சேமிப்பகமான எஸ்எஸ்டி-யை வெளி நிரல்களால் டிஃபிராக் செய்வது, அதாவது சிதறிய கோப்புத் துண்டுகளை ஒழுங்குபடுத்துவது, பயன்தராமல் அதன் ஆயுளைத்தான் குறைக்கும். எஸ்எஸ்டி பெரும்பாலும் சத்தமோ எச்சரிக்கையோ இன்றி நின்றுவிடும் என்பதால், மேலே சொன்ன காப்புநகல் அதற்கு இன்னும் அவசியம்.

கணினியை விற்கும்போதோ பிறருக்குக் கொடுக்கும்போதோ, கோப்புகளை அழித்து மறுசுழற்சித் தொட்டியைக் காலி செய்தால் போதும் என்று எண்ணுகிறோம். அப்போது அழிவது கோப்பு இருக்கும் இடத்தைச் சுட்டும் குறிப்பு மட்டுமே. மீட்பு நிரல்களால் பலவற்றைத் திரும்ப எடுக்க முடியும். காப்புநகலைச் சரிபார்த்து, கணக்குகளிலிருந்து வெளியேறி, குறியாக்கம் இயங்குவதை உறுதி செய்துகொண்டு, ‘ரீசெட் திஸ் பிசி’ பகுதியில் எல்லாவற்றையும் நீக்கும் தெரிவோடு டிரைவைச் சுத்தம் செய்யும் தெரிவையும் சேர்த்து இயக்கிய பிறகே கணினியை மற்றவர் கையில் கொடுங்கள்.