அண்ணன் பாலிசியில் நாமினி மாற்றினோம்
பாம்பனில் விசைப்படகில் கடலுக்குப் போகும் அண்ணனின் ஆயுள் காப்பீட்டு பாலிசியில், கல்யாணத்துக்கு முன்பே எடுத்தது என்பதால், அம்மா மட்டும்தான் நாமினி. 'அம்மா பிரித்துக் கொடுத்துவிடுவார்கள்' என்றார்கள் வீட்டில். எனக்கு மனசு கேட்கவில்லை. காப்பீட்டுச் சட்டத்தின் 39வது பிரிவில் 2015இல் வந்த திருத்தப்படி, பெற்றோரோ மனைவியோ பிள்ளைகளோ நாமினியாக இருந்தால் பொதுவாகப் பணம் அவர்களுக்கே சொந்தம். அப்படியென்றால் மதினி தன் பிள்ளைக்காக அம்மாவிடம் கேட்டு நிற்க வேண்டிவரும், அது இரண்டு பேருக்குமே கஷ்டம். பாலிசிதாரர் கையெழுத்து இல்லாமல் எதுவும் நடக்காது, அதனால் படகு போகாத நாளில் அண்ணனையே கிளைக்குக் கூட்டிப் போனேன். மதினிக்கு 50, மகளுக்கு 30, அம்மாவுக்கு 20 சதவீதம் என்று எழுதினோம், கூட்டினால் சரியாக 100 வரவேண்டும். மகள் மைனர், எனவே அவள் சார்பில் பணம் வாங்க மதினியை அப்பாயின்ட்டியாகப் போட்டோம். அப்புறம் மாற்றம் பதிவானதற்கு எழுத்தில் ஒப்புதல் வரும்வரை நான் விடவில்லை.